தலைமாடு எந்தத் திசை

நம் வயதுக்காரர்கள் பலருக்கு வாழ்க்கையில் முதலில் தங்கிய பெரிய கட்டடம் தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரியாகத்தான் இருக்கும். கோயிலுக்குப் போனால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவோம். ஆஸ்பத்திரியில்தான் பாய் விரித்துத் தங்குவோம். யாருக்காவது துணையாக நீங்களும் போயிருப்பீர்கள். திரும்பி வந்ததும் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் நம்மைச் சுற்றிக் கூட்டம் இருக்கும். எக்ஸ்ரே பார்த்தாயா, லிப்டில் ஏறினாயா, பிணம் பார்த்தாயா என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லியிருப்போம்.

நான் அப்படிப் போய்த் தங்கியது ஓர் ஆடி மாதத்தில். ஆற்றில் தண்ணீர் வந்து, குறுவை நடவு முடிகிற சமயம். நடவு ஆட்களை ஏற்றிவந்த டிராக்டர் பெட்டி வாய்க்கால் கரையோரம் சாய்ந்தது. மற்ற பெண்கள் சேற்றில் விழுந்து சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். அம்மா மட்டும் மதகுக் கட்டையின் மேல் விழுந்தாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது.

அப்பா அப்போது துபாயில் கட்டட வேலையில் இருந்தார். போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதனால் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது அத்தை, அப்பாவின் அக்கா. என்னையும் கூட்டிக்கொண்டு வந்ததற்குக் காரணம், எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பது. எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டியவள் நான்தான். பிறகு பாலிடெக்னிக் வரை போய், கட்டட வரைபடம் போடக் கற்றுக்கொண்டதும் நான்தான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கழுத்து ஓர் அங்குலம் நீளும். அன்றைக்கு இன்னும் அதிகமாகவே நீண்டது. எதிர்ப்பட்ட பலகையை எல்லாம் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டே நடந்தேன். "வாய மூடிக்கிட்டு வாங்க வாத்தியாரம்மா. எங்க போவணும்னு மட்டும் சொல்லுங்க" என்றாள் அத்தை.

உங்களிடம் ஒன்றைச் சொல்லலாம். அம்மா வலியில் கிடந்த அந்த மாதத்தில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அந்தக் கட்டடம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. கூரை எங்கோ மேலே இருந்தது. அதிலிருந்து நீளமான தண்டில் மின்விசிறி தொங்கி, எதையோ யோசிப்பதுபோல மெதுவாகச் சுற்றும். சுவரில் என் தலை உயரம் வரை பாசிப்பச்சை, அதற்குமேல் வெள்ளை. தரையை விடிகாலையில் பினாயில் போட்டுத் துடைப்பார்கள். ஈரம் காய்வதற்குள் அதில் மின்விசிறி தலைகீழாகச் சுற்றுவது தெரியும். ரொட்டியும் பாலும் வரும்போது வார்டு முழுக்கக் காய்ச்சின பால் வாசனை பரவும். வெளியே வேப்பமரங்களின் கிளையெல்லாம் புடவை காயும். மரத்தடியில் அடுப்புமூட்டிக் குழம்பு கொதிக்கும். வாசலுக்கு எதிரே மஞ்சள் பலகை போட்ட டெலிபோன் பூத் ஒன்று புதிதாக வந்திருந்தது. அதன் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசுபவர்கள் தண்ணீருக்குள் வாயசைக்கும் மீன்களைப்போல இருப்பார்கள்.

அம்மாவுக்கு இதெதுவும் தெரியாது. அவளை ஸ்டிரெச்சரில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் பார்த்தது விட்டத்தை மட்டும்தான். நடந்து வருகிறவர்களுக்கு ஒரு கட்டடம், படுத்து வருகிறவர்களுக்கு வேறொரு கட்டடம். எனக்குத் தூண்களும் வாசல்களும் இருந்தன. அவளுக்கு டியூப்லைட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஓடின. இத்தனை முறை திருப்பினார்களே, எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவளுக்கு அதுதான் எலும்பு முறிந்ததைவிடப் பெரிய திகைப்பாக இருந்திருக்க வேண்டும்.

நம் ஊரில் பேசுவது எப்படி என்று நினைத்துப் பாருங்கள். சொம்பைக் கிழக்கால தள்ளி வை என்போம். மேக்கால இருக்கிற பாயில் உட்கார் என்போம். இடது வலது என்பது பள்ளிக்கூடத்துச் சமாச்சாரம். வலி எந்தப் பக்கம் என்று டாக்டர் கேட்டபோது அம்மா கையை எடுத்துக் காட்டாமல், "அதாங்க, தெக்கால..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, கூரையைப் பார்த்து முழித்தாள். அந்த இளம் டாக்டர், "தெக்கால காலா, வடக்கால காலா?" என்று கேட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

முழங்காலுக்குக் கீழே ஒரு கம்பியைக் குறுக்கே செருகி, அதில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் மாட்டிய கப்பி வழியாக இரும்பு எடையைத் தொங்கவிட்டார்கள். கிணற்றுக் கப்பி போலவே இருந்தது. கால்மாட்டுக் கட்டில்கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்தினார்கள். "எலும்பு ஒண்ணோட ஒண்ணு ஏறிக்காம இருக்கத்தான் இந்த எடை. கூடுற வரைக்கும் இப்படியே படுத்திருக்கணும். திரும்பக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது" என்றார் பெரிய டாக்டர்.

அத்தை அவர் போகும்வரை காத்திருந்தாள். பிறகு எதிர்வரிசைக் கட்டில்களைத் தாண்டிப் போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். வார்டு தரைத்தளம் என்றாலும் உயரமான மேடைமேல் கட்டியது. ஜன்னலுக்கு வெளியே தாழ்வாரம், அதைத் தாண்டி முள்கம்பி வேலி, வேலிக்கு அப்பால் ஒரு வாய்க்கால். புதாறு என்கிற ஆற்றிலிருந்து பிரிந்து வருவது. நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அத்தை திரும்பி வந்து, அம்மாவின் தலைக்குக் கீழே ஒரு புடவையை மடித்து வைத்தாள்.

"பாரு புள்ள. தெரியுதா?"

"தண்ணி."

"எந்தப் பக்கம் போவுது?"

வெங்காயத்தாமரைப் பத்தை ஒன்று மெல்ல மிதந்து போனது. அம்மா அதையே பார்த்தாள். அவளுக்கு அது இடது கைப் பக்கமாகப் போனது.

"அப்படின்னா அது கெழக்கு" என்றாள் அத்தை. "நேரெதிரே தெக்கு. ஒன் தலைமாடு எங்க இருக்குன்னு பாத்துக்க."

அம்மாவின் முகம் எப்படி மாறியது என்பது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று நமக்குத் தொட்டிலிலேயே சொல்லிவிடுகிறார்கள். தண்ணீர் கிழக்கே போகும் என்பதும் அப்படித்தான். மேற்கே மேட்டூர், கிழக்கே கடல். நடுவில் நம் வயல். காவேரியும் சரி, அதில் பிரிகிற ஆறும் சரி, நாம் பார்த்த தண்ணீரெல்லாம் பொழுது புறப்படும் திசையில்தான் போயிருக்கிறது. சூரியனை மேகம் மறைத்துவிடும். தண்ணீரை எதுவும் மறைக்காது. ஆஸ்பத்திரியில் தாழ்வாரத்துச் சார்ப்பு அகலமானது. வார்டுக்குள் சூரியன் எட்டியே பார்க்காது. நாள் முழுக்க டியூப்லைட் எரியும். ஆகவே எல்லாரும் தண்ணீரைத்தான் நம்பினார்கள். வெளியே போய் வெயிலைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்கூட, நான்கு திருப்பம் திரும்பி வார்டுக்குள் நுழைந்து அந்த ஜன்னலைப் பார்த்ததும் அதற்குத் தலையாட்டிவிடுவார்கள்.

எங்கள் வரிசையில் எடை தொங்காதவர்கள் எல்லாரும் அன்று மாலைக்குள் தலைகீழாகத் திரும்பிப் படுத்துவிட்டார்கள். மறுநாள் காலை நர்சம்மா வந்து பார்த்தால், தலையணை இருக்கும் இடத்தில் வரிசையாகப் பாதங்கள்.

"என்னம்மா இது, எல்லாம் வௌவாலா?"

அம்மா மட்டும் திரும்ப முடியாமல், கப்பியில் கட்டிய காலோடு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அம்மா தூங்கவில்லை. கண்ணை மூடினால் போய்விடுவோம் என்று நினைத்தாள். சோறு இறங்கவில்லை. காய்ச்சல் வந்தது. "நடவுக்காரிக்குக் காலு போனா என்னங்க அண்ணி, உசுரு இருந்தா வரப்புல ஒக்காந்து நாத்து முடியாவது எடுத்துப் போடுவேன்" என்று அத்தையிடம் சொன்னாள். அத்தைக்கு அது போதும். ஊர்ப் பக்கத்து எலும்பு வைத்தியரிடம் கூட்டிப்போய்விடலாம் என்று முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். பெரிய டாக்டர், "இப்ப எடையை எடுத்தா கால் குட்டையாயிடும். அப்புறம் ஆயுசுக்கும் கோல் ஊன்றித்தான் நடக்கணும்" என்று கண்டித்துச் சொன்னார். அத்தை தலையாட்டிவிட்டு, அவர் போனதும், "அவரு என்ன கண்டாரு?" என்றாள்.

அத்தைக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. மாமா, அவள் வீட்டுக்காரர், வயிற்று ஆபரேஷனுக்கு இதே ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தவர். பிணமாகத்தான் வீட்டுக்குப் போனார். நான் அப்போது கைக்குழந்தை. "ரெண்டு நாள் முன்னாடியே தூக்கிட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பாரு" என்று அத்தை அடிக்கடி சொல்லுவாள். அவளைப் படிக்காதவள், பிடிவாதக்காரி என்று நான் மனதுக்குள் எடைபோட்டிருந்தேன். எந்தக் கட்டடத்துக்குள் அவள் தினமும் நுழைந்து வெளியே வந்தாள் என்று யோசிக்கிற வயது எனக்கில்லை.

வெள்ளிக்கிழமை அப்பா பூத்துக்குப் போன் செய்தார். முதலில் நான்தான் பேசினேன். என் குரலைக் கேட்டதும் சிறிது நேரம் அழுதார். பிறகு, "ஆஸ்பத்திரி எத்தனை மாடி பாப்பா?" என்று கேட்டார்.

"மூணுப்பா."

"தூணெல்லாம் கனமா இருக்கா?"

"கட்டிப்பிடிச்சா கை எட்டலைப்பா."

"அப்ப பயமில்ல. நல்லா பலமாத்தான் கட்டிருக்காங்க. அங்கேயே இருக்கட்டும்."

அத்தை ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள். வடக்கே தலை என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில், "நீயே பாத்து செய்யிக்கா" என்றாராம். அடுத்த வாரம் வேன் பேசி, கட்டிலோடு இல்லாவிட்டாலும் கயிற்றோடாவது அம்மாவைத் தூக்கிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று.

இதற்கிடையில் பக்கத்துக் கட்டிலுக்கு ஓர் அம்மா வந்திருந்தார்கள். ராஜகிரிப் பக்கத்து ராவுத்தர் குடும்பம். வார்டில் எல்லாரும் பாய் வீட்டம்மா என்பார்கள். கணுக்காலிலிருந்து தொடைவரை மாவுக்கட்டு. வந்த அன்றே அம்மாவிடம், "ஏம்மா, மேக்கு எந்தப் பக்கம்? தொழுவணும்" என்று கேட்டார்கள். அம்மா அந்தக் காய்ச்சலிலும் ஜன்னலைப் பார்த்துக் கணக்குப்போட்டு வலது கைப் பக்கத்துச் சுவரைக் காட்டினாள். பாய் வீட்டம்மா ஒவ்வொரு வேளையும் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, இடுப்பிலிருந்து ஒருக்களித்து, சிரமப்பட்டு அந்தச் சுவர் பக்கம் திரும்பித் தொழுதார்கள். சுவரில் ஒரு பல்லி இருந்தது. அது அவர்களோடு சேர்ந்து தலையாட்டுகிறது என்று எனக்குத் தோன்றும்.

அவர்கள் மகன் சவுதியிலிருந்து லீவில் வந்தார். அவர் வருவதற்கு முன்பே அத்தர் வாசனை வந்துவிடும். போர்வை, தைலம், ஆரஞ்சுப்பொடி டப்பா எல்லாம் தம் தாயாரின் கட்டிலில் கொட்டினார். அதோடு உள்ளங்கை அளவில் ஒரு வட்டப்பெட்டி. கண்ணாடிக்குக் கீழே பச்சை வெல்வெட், பொன்னெழுத்து, நடுங்கிக்கொண்டே இருக்கும் ஒரு முள். அப்படி அழகான பொருளை நான் அதற்கு முன் தொட்டதில்லை. எங்கே போனாலும் கிப்லா, அதாவது தொழவேண்டிய திசை, எந்தப் பக்கம் என்று காட்டும் என்றார். தாயாரின் கட்டிலில் வைத்தார். முள் ஒரு சுற்றுச் சுற்றி, எங்கோ மூலையைக் காட்டி நின்றது.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. சும்மா இருப்பேனா? "இரும்புக் கட்டில்ல வச்சா முள்ளு தப்பாக் காட்டும். காந்தத்த இரும்பு இழுக்கும்" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

அத்தை உடனே பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா? படிச்ச புள்ளையே சொல்லுது, அது தப்புன்னு."

மகன் சிரித்துக்கொண்டே பெட்டியை எடுத்துப்போய், கட்டில்களிலிருந்து விலகி, தரையில் வைத்துக் குனிந்து பார்த்தார். நானும் பக்கத்தில் குந்தினேன். முள் நிதானமாக நின்றது. அவர் எழுந்து ஜன்னல் பக்கம், வாய்க்கால் பக்கம், கையை நீட்டினார். "அம்மா, மேக்கு இதுதான்."

பாய் வீட்டம்மா சுவரைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள், நேராக ஜன்னலை நோக்கி நீட்டியிருந்த தம் மாவுக்கட்டுக் காலைப் பார்த்தார்கள். "அல்லாவே! இத்தன நாளும் பல்லியப் பாத்தா தொழுதேன்? காலையும்ல அங்க நீட்டி வச்சிருக்கேன்!" பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "ஏம்மா, நீ நல்லா வழி சொன்னே போ!" என்றார்கள்.

வார்டே சிரித்தது. அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பல நாளாகக் கேட்காத குரலில், "சவுதியில வாங்குன பொட்டிக்கு நம்மூரு திக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். மகன்கூடச் சிரித்தார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தரையில் விரலால் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் மேற்கு என்றால் அம்மாவின் தலைமாடு கிழக்கு. கிழக்கே தலைவைத்துப் படுத்தால் ஆயுசு என்று அம்மாவே எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்! ஆனால் தண்ணீர்? அது ஜன்னலுக்கு வெளியே அதே பக்கமாக, ஒரு சந்தேகமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

வேன் வரவேண்டிய நாள் காலையில் அம்மா என்னை அருகில் கூப்பிட்டாள். அத்தை அப்போது டீ வாங்கப் போயிருந்தாள்.

"அந்தத் தண்ணி எங்கேர்ந்து வருது, எங்க போவுதுன்னு பாத்துட்டு வா. மதகுலேர்ந்து தண்ணியோடயே நட. மூஞ்சில எந்தப் பக்கம் வெயிலு அடிக்குதுன்னு ஞாபகம் வச்சுக்க. ஜன்னலுக்கு நேரா வந்தா கைய ஆட்டு."

அந்த நடையை நான் இன்னும் கனவில் நடக்கிறேன். ஆஸ்பத்திரியின் முதுகுப்புறம் அதன் முகத்தைவிடப் பெரியது. சலவைக்கூடத்து முற்றத்தில் வரிசை வரிசையாக வெள்ளைப் போர்வைகள் காற்றில் உப்பின. நான் அவற்றின் நடுவே போனபோது, சோடா உப்பும் வெயிலும் கலந்த வாசனை முகத்தில் ஈரமாக ஒட்டியது. அப்புறம் கால் உடைந்த கட்டில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. அவற்றில் பாகற்கொடி ஏறி மஞ்சள் பூ பூத்திருந்தது. ஒரு கண்ணாடிக் குப்பி மேடு. அதன் உச்சியில் ஓணான். மதில் இடிந்த சந்து வழியாக வெளியே வந்தேன். அங்கே கரை, தண்ணீர், தவளைச் சத்தம், நம் ஊர் வாசனை. கட்டடத்துக்கும் ஊருக்கும் நடுவே அவ்வளவுதான் தூரம்.

மதகடியில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து தண்ணீரோடு நடக்க ஆரம்பித்தேன். வெயில் நேராக முகத்தில் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டே நடந்தேன். மதில் மூலை வந்தது. வாய்க்கால் அங்கே சட்டென்று வலது பக்கம் மடங்கியது. நானும் மடங்கினேன். வெயில் முகத்திலிருந்து விலகி இடது கன்னத்துக்குப் போய்விட்டது. அங்கேயே நின்றுவிட்டேன். திரும்பிப் போய்த் துவைக்கிற பெண்ணைக் கேட்டேன்.

"அக்கா, வாய்க்கால் ஏன் இப்படி மடங்குது?"

"ஆஸ்பத்திரி கட்டுறப்ப மடக்கி விட்டாங்க பாப்பா. முன்னாடி நேரா அதுக்குள்ளாறதான் ஓடுச்சாம். மதிலைச் சுத்திக்கிட்டுப் போயி மறுபடி கெழக்கால திரும்பிக்கும்."

பிறகு ஓடினேன். ஜன்னல்கள் தெரிந்தன. உள்ளே இருட்டாக இருந்தது. யார் எங்கே என்று தெரியவில்லை. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இருட்டிலிருந்து ஒரு கை, அப்புறம் நிறையக் கைகள், வார்டில் கையாட்ட முடிந்த எல்லாரும் ஆட்டினார்கள். வெங்காயத்தாமரைப் பத்தை ஒன்று என்னோடு கூடவே மிதந்து வந்தது.

வார்டுக்குள் மூச்சிரைக்க வந்தபோது அத்தை டீ டம்ளரோடு நின்றிருந்தாள். அம்மா யாரையும் பேசவிடவில்லை.

"மதகுலேர்ந்து வர்றப்ப வெயிலு?"

"மூஞ்சில."

"மூலையில?"

"சோத்தாங்கைப் பக்கம் திரும்பிடுச்சு. அப்புறம் வெயிலு பீச்சாங்கைக் கன்னத்துலம்மா. ஆஸ்பத்திரிக்காக மடக்கி விட்டாங்களாம். முன்னாடி இதுக்குள்ளாறதான் ஓடுச்சாம்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. நடவு வயலில் எந்த மடையைத் திறந்தால் எந்தப் பாத்திக்குத் தண்ணீர் ஏறும் என்று யோசிக்கும்போது அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

"அப்ப இங்க தெக்கால போவுது. எனக்குப் பீச்சாங்கை தெக்கு. எதுத்தாப்புல மேக்கு" என்றாள். பிறகு கையை மெதுவாகத் தூக்கித் தலைக்குப் பின்னால் இருந்த பச்சைச் சுவரைத் தொட்டாள். "இது கெழக்கு."

"வெயிலு கன்னத்துல அடிச்சுதாம், இவ நம்புறாளாம்" என்றாள் அத்தை. ஆனால் குரல் எழும்பவில்லை.

"வாய்க்காலை மடக்குனா மடக்குன பக்கந்தானே அண்ணி போவும்? நம்ம கட்டில் கெடக்கற எடத்துலதான் ஓடிருக்கும். நான் வரலை. வேனைத் திருப்பி அனுப்பிடுங்க."

பாய் வீட்டம்மா நீளமாகப் பெருமூச்சு விட்டார்கள். "ஒனக்கு நல்ல திக்கு. எனக்குத்தான் வம்பு. சீக்காளி காலு நீட்டுனா குத்தமில்லைன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிட்டாரு, போ. பொழைச்சுக் கெட."

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே தூங்கிப்போனாள். நர்சம்மா வந்து மருந்துக்கு எழுப்பியும் எழுந்திருக்கவில்லை. அப்படி ஒரு தூக்கம். எலும்பு கூடும்வரை அங்கேயே கிடந்து, அம்மா இன்றைக்கும் இரண்டு காலையும் சமமாக ஊன்றி நடக்கிறாள். அந்த வட்டப்பெட்டி எங்கே போனதோ தெரியாது. பாய் வீட்டம்மா வீட்டுக்குப் போனபோது அதைத் தேடித்தேடிப் பார்த்தார்கள். நான் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம் என்று நினைத்தது மட்டும் உண்மை.

இதோடு முடித்துவிட்டால் இது என் பெருமைக் கதை. அன்று மத்தியானம் நடந்தது ஒன்று இருக்கிறது.

அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். வேன்காரரிடம் ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பினாள். பிறகு எங்கள் வார்டுக்குத் திரும்பும் இடத்தில் திரும்பாமல், நேராக நடந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பலகை எதையும் என்னைப் படிக்கச் சொல்லவில்லை. வழி அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆண்கள் வார்டின் வாசலில் நின்றாள்.

பார்வையாளர் நேரம். உள்ளே கூட்டம். எங்கள் வார்டைப் போலவே இரண்டு வரிசைக் கட்டில், அதே பாசிப்பச்சைச் சுவர். எதிரே அதே மாதிரி ஜன்னல்கள், அவற்றில் அதே தண்ணீர்.

"அந்தத் தூணை ஒட்டுன கட்டில் தெரியுதா? மாமா அதுலதான் படுத்திருந்தாரு" என்றாள். "அப்பவும் ஜன்னல்ல இந்தத் தண்ணிதான் பாப்பா. டாக்டரு இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்னாரு. தையல் பிரிக்கலன்னாரு. வடக்கால தலைன்னு நான்தான் வேன் வச்சுத் தூக்கிட்டுப் போனேன். பாபநாசம் தாண்டலை."

நான் அவளைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தேன்.

"அவரு தலை எந்தப் பக்கம் இருந்துது? நீ பாத்துச் சொல்லு."

எனக்குக் கணக்கே தேவைப்படவில்லை. தூணை ஒட்டிய கட்டில், எங்கள் அம்மாவின் கட்டில் இருந்த அதே வரிசையில், அதே போக்கில் கிடந்தது. அந்தக் கட்டிலில் வேறு யாரோ ஒருவர் படுத்திருந்தார். அவர் மனைவி பனைவிசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். அத்தை கட்டிலைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிற பிள்ளை நான்.

"தெரியலை அத்தை" என்றேன்.

"ஒனக்கே தெரியலையா" என்றாள். அதில் கிண்டல் இல்லை. என் கையை விட்டுவிட்டாள். விட்டபிறகுதான் அவள் எவ்வளவு அழுத்திப் பிடித்திருந்தாள் என்று தெரிந்தது.

பிறகு நேராக உள்ளே போய், அந்தக் கட்டிலின் அருகே நின்றாள்.

"எந்த ஊருங்க?"

"அய்யம்பேட்டைப் பக்கங்க" என்றார் மனைவி.

"என்ன செய்யுது அவருக்கு?"

"வயித்துல ஆபரேசன். நேத்துதான் ஆச்சு. எங்க மாமனாரு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுங்கறாரு. இந்தக் கட்டிலு ராசியில்லையாம்."

"யாரு வந்து கூப்பிட்டாலும் போவாதீங்க" என்றாள் அத்தை. படுத்திருந்தவரைப் பார்த்தும் சொன்னாள். "தலை எந்தப் பக்கம் வேணா இருக்கட்டும். டாக்டரு போவச் சொல்ற வரைக்கும் இங்கேயே கெடங்க. கேக்குதா?"

அவர் பயந்துபோய்த் தலையாட்டினார்.

"நீ சாப்பிட்டியா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள். இல்லை என்றார் அந்தப் பெண். "விசிறியக் குடு. போயி சாப்ட்டுட்டு வா."

அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விசிற ஆரம்பித்தாள். அவர் கண் சொருகிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் பார்வையாளர்கள் வெளியேறுவதற்கான மணி அடித்தது. ஒவ்வொருவராக எழுந்து தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனார்கள். வார்டு காலியானது. வாட்ச்மேன் வாசலில் நின்று, "அம்மா, நேரமாச்சு" என்றார். அத்தை விசிறிக்கொண்டே இருந்தாள்.